மனு சுமக்கும் குருவி

மனு போடுகிற ஜனம் காத்திருக்கும்போது கத்தாமலிருக்க, இணையதளத்தில் எதையாவது ஆடவிடச் சொன்னார் அதிகாரி. அதற்குப் படம் வரைகிற அறவாழி ஒரு குருவியைப் பறக்கவிட்டான். அலகில் கடிதம், நாலு சிறகடிப்புக்கு ஒருதரம் நெற்றி வியர்வையை வேறு துடைத்துக்கொள்ளும். மனு சேர்ந்தால் ரசீது வரும். சர்வர் படுத்துவிட்டால் குருவி பாட்டுக்குப் பறந்துகொண்டே இருக்கும். புகார் போன்கள் நின்றுபோயின. அறவாழிக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

செத்துப்போன புருஷனின் வேலையைக் கேட்டு அக்கா தமயந்தி மனு போட இன்றுதான் கடைசி நாள். அறவாழி வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்தேகால். அலுவலகத்தை ஐந்தரைக்குச் சாத்திவிடுவார்கள். வண்டியில் விரட்டினாலும் முக்கால் மணி நேரம் ஆகும். அக்கா போனை இரண்டு கையாலும் ஏந்தி உட்கார்ந்திருந்தாள்.

“எப்போக்கா அனுப்பின?”

“காலையில பத்து மணிக்கு.”

“நேர்ல போய்க் குடுத்திருக்கலாமேக்கா!”

“போடா இவனே! பாதி வழி போனதை விட்டுட்டா வரச் சொல்ற? பாவம், எப்படி வேர்த்துக் கொட்டுது பாரு. வேற யாரோ செஞ்சதுன்னா எழுந்து போயிருப்பேன். இது உன் குருவியாச்சே.”

அறவாழி போனை எட்டிப் பார்த்தான். குருவி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“எப்படா கீழ இறங்கும்?”

இறங்குகிற மாதிரி யாரும் கேட்கவில்லை, அவனும் வரையவில்லை.

“சாப்பிட்டியாக்கா?” என்றான்.