உறுதி போதாது

சர்க்கார் வீடு கட்டித் தரும் ஆபீசுக்குத் தச்சு மேஸ்திரி காத்தவராயன் நடப்பது இது ஒன்பதாவது தடவை. குருசுக்குப்பம் காலனி வீடுகளுக்குக் கதவு செய்ய டெண்டர் போட்டு, முத்தியால்பேட்டைப் பட்டறையிலிருந்து மாதிரிக் கதவு ஒன்றை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கி மூன்று மாசமாகிறது.

கிளார்க் பைலைப் புரட்டினார். "உங்க கதவு தேறல மேஸ்திரி. உறுதி போதாதுன்னு இன்ஜினியர் எழுதிட்டாரு."

"வேங்கை மரங்க அது! சரி, கதவையாவது குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"அது எங்க கெடக்குதோ! குடோன்லதான் தேடணும்."

"அப்ப இன்ஜினியரையே கேக்கறேன்."

"மீட்டிங்ல இருக்காரு."

மூடியிருந்த அறைக்குள் ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. காத்தவராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜினியரின் பச்சைக் கதவை இரண்டு கையாலும் படபடவென்று இடித்தார்.

பியூன் கொளஞ்சி சிரித்தான். "கைதான் வலிக்கும் மேஸ்திரி. யானை முட்டுனாலும் அசையாது. போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சு மாட்டுனோம்."

காத்தவராயனின் கை அப்படியே நின்றது. குனிந்து கதவின் கீழ்மூலையைத் தடவினார். பச்சைப் பெயிண்டுக்கு அடியில், அவர் உளியால் வெட்டியிருந்த 'கா' விரலில் தட்டுப்பட்டது.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அதுவும் அவர் வைத்த தாழ்ப்பாள்தான்.