தாமதமாகக் காட்டும் கண்ணாடி

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தாலும் இந்த நாக்கு அழுகிப் போகட்டும். சலவைக்கடை முதலாளியிடமும் இப்படித்தான் ஆரம்பித்தேன்.

அவருடைய வேனின் இடது கண்ணாடி தாமதமாகக் காட்டும். விஷயம் அவ்வளவுதான்.

முதலாளி தன் புது ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வேன் பின்னால் வந்து இடித்ததில், அது மத்தியானத் தூக்கம் போடுவது மாதிரி ஒருக்களித்துக் கிடந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் என் மாப்பிள்ளை. அவர் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கண்ணாடி லேட்டா காட்டுதா?" என்றார் முதலாளி.

ஆமாம் என்றேன். காலையில் பின்னால் வந்த தண்ணீர் லாரி, சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதில் தெரியும். போன மாதம் மழை விட்டு வெயில் காய்ந்த பிறகும் அதில் மட்டும் தூறிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை அதற்காகவே வைப்பரைப் போட்டு ஓட்டினார்.

விளக்குகளும் லேசுப்பட்டவை அல்ல. வலது இண்டிகேட்டரைப் போட்டால் இடது பக்கம் கண்ணடிக்கும். ரிவர்ஸ் விளக்கு எரிந்தால் விடிந்துவிட்டதென்று எதிர்வீட்டுச் சேவல் கூவும். உள்கண்ணாடியைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அதில் தெரிவதெல்லாம் அழுக்குத் துணி மூட்டைதான்.

இதை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிப் பின்னால் எடுப்பது?

என் மாப்பிள்ளை கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும்போதுகூடக் கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். தூக்கத்தில் புரண்டு படுப்பதற்கு முன்னால் தோளுக்கு மேல் ஒரு முறை பார்ப்பார். வேண்டுமானால் என் மகளைக் கேளுங்கள் என்றேன்.

இந்த வேலை கிடைத்த சேதியை என் மகள் தெரு முழுக்கச் சொல்லி முடித்ததே நேற்றுத்தான்.

"சந்தேகமிருந்தா இப்பப் போய்ப் பாருங்க. அதுல ஸ்கூட்டர் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கும்."

முதலாளி போய்ப் பார்க்கவும் செய்தார். பாழாய்ப்போன கண்ணாடி அவர் முகத்தை உடனே காட்டிவிட்டது.

"பெரியவரே, எனக்கு எப்பவோ காது குத்தியாச்சு" என்றார்.

நான் அடுத்த சத்தியத்துக்கு வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "மாமா சொல்றத விடுங்க மொதலாளி. தப்பு என்னோடதுதான். நான்தான் சரியா பாக்கல."

"அப்ப சாவிய வச்சிட்டுக் கெளம்புப்பா."

அவர் சாவியைச் சட்டையில் துடைத்து, சத்தம் வராமல் கடைவாசல் மேசைமேல் வைத்தார். திரும்பியவர் என்னை ஒரு முறை முறைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். முறைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து வாங்க மாமா, கண்ணாடித் தூள் கெடக்கு."

பின்விளக்கின் சிவப்புத் துண்டுகளைத் தாண்டித் தாண்டித் தெருவுக்கு வந்தோம். முனையில் திரும்பும்போது பழக்கத்தில் அவர் கை தானாக வெளியே நீண்டது. பிறகு மடங்கிக்கொண்டது.

வண்டியை எடுப்பதற்கு முன்னால், பின்னால் நின்று பார்த்துச் சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டது என்னைத்தான். நான் அங்கேதான் நின்றேன், நின்றபடி போனில் அவருடைய அம்மாவிடம், "வாங்க, வாங்க, தாராளமா வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.