மஞ்சள் துணி முடிச்சு

தகரப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள் ராக்காயி. இரண்டு சேலை, பிள்ளையின் சட்டை, உடைந்த சீப்பு எல்லாம் விழுந்தன. மஞ்சள் துணி முடிச்சு மட்டும் விழவில்லை.

"குடிச்சுட்டான்! பாவி, அதையும் குடிச்சுட்டான்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு நல்லம்மாள் ஓடி வந்தாள். "என்னாடி ஆச்சு?"

"கொசுவலைக் காசு, அக்கா. ரெண்டரை வெள்ளி. பத்து மாசமா சேத்தது!"

பத்துச் சம்பளத்திலும் ராக்காயி ஒரே திட்டமாக இருந்தாள். அரிசி பருப்புக்கு எடுத்து வைப்பாள், ஊரிலிருக்கும் மாமியாருக்கு எடுத்து வைப்பாள், மிச்சத்தில் கால் வெள்ளியை முடிந்துவிடுவாள். அதற்காக வெற்றிலை போடுவதைக்கூட விட்டாள். யார் வயிற்றிலும் அடிக்காமல் சேர்த்த காசு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவளுக்குக் கொசுவலை ஒரு கேடா என்று எவர் கேட்டாலும் அவளுக்குக் கூச்சமில்லை.

மூத்தவனைப் போன மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியிருப்பது மூன்று வயது நவமணி ஒருத்திதான். இந்த வாரம் லயத்து வீடுகளில் இன்னும் இரண்டு பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு படுத்துவிட்டன.

வீட்டில் காசிருந்தால் புருஷன் மாயாண்டிக்கு எப்படியோ மூக்கு வேர்த்துவிடும். அதற்காகத்தான் அந்த மஞ்சள் துணி. மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்ட காசு என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். எவ்வளவு குடித்தாலும் சாமி காசில் கை வைக்கமாட்டான் என்பது அவள் நம்பிக்கை. பிள்ளைக்காகச் சொன்ன பொய்யை ஆத்தா பொறுத்துக்கொள்வாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

நேற்றுச் சம்பளத்தில் கடைசிக் கால் வெள்ளியும் சேர்ந்தது. "சேந்துருச்சு ஆத்தா!" என்று அவன் காதில் விழும்படியே முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாப்பா டவுனில் சீனர் கடையில் ஒரே ஒரு வலைதான் மிச்சம். இன்று பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். நல்லவேளையாக விடிகாலை மழையில் இன்று பால்வெட்டும் இல்லை. ஆற்றில் துணி அலசிவிட்டு வந்து கிளம்பலாம் என்று போனதுதான் அவள் செய்த தப்பு.

"எப்பக்கா போனாரு அவரு?"

"மழை விட்டு ரொம்ப நேரங் கழிச்சுத்தான் போனாருடி. தலையெல்லாம் ஈரம். நான் பேசினேன், பதிலே இல்ல."

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு ஓடினாள். கடைக்கார உடையப்பன் கையை விரித்தார்.

"இங்க வரலையேம்மா. தாப்பா ரோட்டுல வேகமா போனாரு. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

தாப்பாவில் இதைவிடப் பெரிய கள்ளுக்கடை இருக்கிறது. சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். சாமி காசையே தொட்டவன் இனி எதைத்தான் விட்டுவைப்பான்? பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. இன்றைக்குச் சுடவில்லை, நாளைக்கு?

மூன்றாம் மைல்கல் தாண்டியதும் எதிரே மாயாண்டி வருவது தெரிந்தது. பாய்ந்து போய் அவன் துண்டைப் பிடித்து உலுக்கினாள். கை ஓயும்வரை மாரில் குத்தினாள். "எம் புள்ள உசுர வாயில ஊத்திக்கிட்டியே! நீ மனுசனா?"

அவன் ஒரு கையைக்கூட ஓங்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் மேல் கள் வாடையே இல்லை.

"குடிக்கலையா நீ?"

"ஒரு சொட்டு இல்ல."

ராக்காயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொழுது இன்னும் சாயவில்லை. ஓடினால் கடையைப் பிடித்துவிடலாம். "அப்ப அந்த முடிச்சு எங்க? குடு, சீக்கிரம் குடு!"

மாயாண்டி மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தான். பதமாகப் பிரித்தான். உள்ளே இருந்த குங்குமத்தைத் தொட்டு, நவமணியின் நெற்றியில் அழுத்தமாக வைத்தான். கல்யாணத்தன்று பார்த்ததற்குப் பிறகு அவன் முகத்தில் இப்படி ஒரு பெருமையை அவள் பார்த்ததில்லை.

"பத்து மாசமா நீ வாயக் கட்டிச் சேத்தது புள்ள, ஒரு காசு கொறையாம ஆத்தா உண்டியல்ல போட்டுட்டேன்."