நடுத்துண்டு

மண் பரிசோதனை முடிவைப் பார்த்த மெஹ்ஜபீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண்ணில் கரிமத்தைச் சேமிக்கும் கார்பன் விவசாயத் திட்டத்துக்காக அடி அண்ணாமலை கிராமத்தில் அவள் எடுத்த மண் மாதிரிகளிலேயே, வேடியப்பன் நிலத்து நடுத்துண்டில்தான் கரிமச்சத்து அதிகம்.

"மத்த இடத்துல ரொம்பக் கம்மிங்க ஐயா. வருஷா வருஷம் கரும்புச் சோகையைக் கொளுத்தி, மண்ணைச் சாகடிச்சிட்டீங்க. இந்த முப்பது சென்ட்டை மட்டும் எப்படிக் காப்பாத்துனீங்க?"

"பன்னெண்டு வருஷமா ஏர் ஓட்டல, எதையும் கொளுத்தலம்மா. புல்லு மொளைக்கும், அங்கியே மக்கும்."

"அப்பவேவா! யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"கோர்ட்டும்மா."

அவள் சிரித்தாள். வேடியப்பன் சிரிக்கவில்லை.

"பாகம் பிரிக்கறப்ப இந்தத் துண்டு யாருக்குனு அப்பா சொல்லாம போயிட்டாரு. எனக்கும் தம்பி முனிரத்தினத்துக்கும் அதுலதான் தகராறு. ரெண்டு பேருமே கால் வைக்கக் கூடாதுனு தடை போட்டுட்டாங்க. வரப்புல எதிர்ல வந்தாக்கூட நாங்க பேசிக்கல."

மெஹ்ஜபீன் தயங்கியபடி படிவத்தை எடுத்தாள். "அப்போ திட்டத்துல சேர அவர் கையெழுத்தும் வேணுமேங்க?"

"வேணாம்மா. போன மாசம் தீர்ப்பு என் பக்கம் வந்துடுச்சு."

"நல்லதாப் போச்சு!"

வேடியப்பன் பேனாவை வாங்கினார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"தீர்ப்பு வந்த அன்னிக்குத்தாம்மா அவனுக்குப் பதினாறாம் நாள் காரியம். போலாமா வேணாமானு சாயந்தரம் வரைக்கும் இந்த வரப்புலயே உக்காந்திருந்தேன்."