மாமனாருக்கு மட்டும் விளம்பரம்

"மாமா ரூமுக்கு மட்டும் வேண்டாம் தம்பி. அங்கே விளம்பரம் வந்தா வரட்டும்."

ஸ்டூல் மேல் நின்றிருந்த டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தான். அவன் கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா. அதை இன்டர்நெட் பெட்டியோடு இணைத்துவிட்டால் போதும், வீட்டில் எந்த போனிலும், எந்த டிவியிலும் விளம்பரம் எட்டிப் பார்க்காது.

"ஒரே டப்பாதான் மேடம், எல்லாருக்கும் சேர்த்தே தடுக்கும். தனியா செலவு ஒண்ணும் இல்லை."

"செலவுக்காகச் சொல்லலை. அவர் டேப்லெட்டை மட்டும் விட்டுடுங்க."

அப்போதே உள்ளறையிலிருந்து இடி இடித்தது.

"சோப்பு விக்க வேற நேரமே கிடைக்கலையா உனக்கு? காமெடியன் வாயைத் திறக்கிறான், குறுக்கே வந்து நிக்கிறே!"

"அதுதான் மாமா" என்றாள் மருமகள் சாவகாசமாக. லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிக்னல் பார்க்கிற சாக்கில் அவன் அந்த அறைக்குள் நுழைந்தான். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் போலிருக்கிறது, வலது கை மடியில் துவண்டு கிடந்தது. டேப்லெட்டையோ வலது பக்கம் சுவரோரமாக, நல்ல கைக்கு எட்டாத இடத்தில் ஸ்டாண்டோடு திருகி வைத்திருந்தார்கள்.

"விளம்பரத்தை ஒழிக்கிற டப்பாவாமே? எனக்கும் உண்டா தம்பி?"

அவன் சிக்னல் பார்ப்பதுபோல் போனை எடுத்துக் குனிந்தான்.

"வேண்டாம்னு சொல்லியிருப்பாளே! முப்பத்தஞ்சு வருஷம் ஹெட் கிளார்க்கா இருந்து நாப்பது பேரை மேய்ச்சவன்யா நான். இன்னைக்கு ஒரு சோப்பு விளம்பரத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை."

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அதை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறான். ஊரான் வீட்டு விவகாரம் நமக்கெதுக்கு என்றும் தோன்றியது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் பெரியவரின் டேப்லெட்டுக்கும் சேர்த்தே விளம்பரத்தைத் தடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டான்.

பத்து நிமிடம் போனது. உள்ளறையில் காமெடி ஓடிக்கொண்டே இருந்தது. திட்டு மட்டும் வரவில்லை.

மருமகள் டைப் அடிப்பதை நிறுத்தினாள். எழுந்து போய் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வேகமாகத் திரும்பி வந்தாள்.

"அவருக்கும் போட்டுட்டீங்களா?"

"போட்டேன் மேடம். நீங்க தப்பா நினைச்சாலும் பரவாயில்லை. உங்களைப் பெத்த அப்பாவா இருந்தா இப்படிச் செய்வீங்களா? நீங்கல்லாம் நிம்மதியா பார்க்கணும், கை விளங்காத மனுஷன் கத்திக்கிட்டே கிடக்கணுமா?"

அவள் முகம் வாடிப்போனது. ஆனால் சண்டைக்கு வரவில்லை.

"முதல்ல அதை எடுத்துவிடுங்க. அப்புறம் சத்தம் போடாம இங்கே வந்து நில்லுங்க."

வேண்டா வெறுப்பாக எடுத்துவிட்டு வாசற்படி ஓரம் போய் நின்றான். அடுத்த காமெடி தொடங்குவதற்குள் பெயிண்ட் விளம்பரம் வந்து குதித்தது.

"தொலைஞ்சான்னு பார்த்தேன், மறுபடி வந்துட்டாண்டா பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கிட்டு!"

பெரியவர் இடது கையை நீட்டினார். எட்டவில்லை. பல்லைக் கடித்தார். அப்போது மடியில் கிடந்த வலது கை அசைந்தது. மெல்ல நகர்ந்து நாற்காலியின் கைப்பிடி மேல் ஏறியது. அங்கே கொஞ்சம் இளைப்பாறியது. பிறகு ஆள்காட்டி விரல் நடுங்கி நடுங்கி நீண்டு, திரையிலிருந்த 'ஸ்கிப்' பட்டனை அமுக்கியது. பெயிண்ட்காரன் ஒழிந்தான்.

மருமகள் தன் போனில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள்.

"பத்தொன்பது செகண்ட்" என்றாள் கிசுகிசுப்பாக. கண் கலங்கியிருந்தது. "போன மாசமெல்லாம் விரல் பாதி வழியிலேயே நின்னுடும், விளம்பரமே முடிஞ்சிடும்."

அவன் தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தான்.

"விரலை நீட்டி மடக்க ஆஸ்பத்திரியில பந்து கொடுத்தாங்க. 'நான் என்ன சின்னக் குழந்தையா'ன்னு ஜன்னல் வழியா எறிஞ்சுட்டார். ரெண்டு பந்து போச்சு. விளம்பரத்து மேல வர்ற கோபத்துக்கு மட்டும்தான் தம்பி அந்தக் கை எழுந்திருக்குது."

"மன்னிச்சிடுங்க மேடம். ஆனா அவர்கிட்டயே விஷயத்தைச் சொல்லிடலாமே? உங்களைப் போய் கொடுமைக்காரின்னு நினைச்சுக்கிட்டு..."

"சொன்னா இதுவும் பயிற்சின்னு ஆயிடும். அன்னைக்கே விட்டுடுவார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கை சரியானதும் முதல் வேலையா, நான் பண்ற கொடுமையெல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதி என் நாத்தனாருக்கு அனுப்பப் போறாராம். போன்ல சொன்னா ஆதாரம் இருக்காதாம். அந்த லெட்டருக்குத்தான் தம்பி நான் காத்துக்கிட்டிருக்கேன்."