மஞ்சள் பாக்கெட்

தலைமை ஆசிரியரின் கழுத்தில் இன்ச் டேப்பைச் சுற்றியபோது தையல்காரி வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கினாள். அவர் இருமினார்.

“பார்த்து எடும்மா. கோட்டுக்குக் கழுத்தளவு எதுக்கு?”

“எதுக்கும் இருக்கட்டும் சார்.”

ஏழை மாணவர்களுக்குச் செலவிடச் சொல்லி அந்தப் பள்ளிக்கு வருடாவருடம் தனியாக நிதி வருகிறது. பணம் எங்கே போனது என்று பார்க்க வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி வருகிறார். அதற்குத்தான் இந்தத் தடபுடல்.

“நிதிப் பணத்துல தைச்ச துணிக்கு மஞ்சள் பாக்கெட் வச்சிடணும், தெரியுதா? வர்றவங்க தூரத்துலேர்ந்தே கண்டுபிடிக்கணும்.”

“நிதிப் பணத்துல தைச்சதுக்கு மட்டும்தானே சார்?”

“பின்னே? எல்லாருக்கும் வச்சா யாரு ஏழைன்னு எப்படித் தெரியும்?”

இருபது வருடங்களுக்கு முன், வெறும் வகுப்பு வாத்தியாராக இருந்த காலத்தில், அவர் மூளையில் உதித்த திட்டம் அது. அப்போது மஞ்சள் பாக்கெட் போட்டு நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஏழாம் வகுப்பு முழுக்க அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ‘ஏய் மஞ்சள் பாக்கெட்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நோட்டை நெஞ்சோடு அணைத்து அதை மறைத்துக்கொண்டே நடந்தவள், முழுப் பரீட்சைக்கு முன்னால் படிப்பையே விட்டுவிட்டாள்.

அவள் முகம் அவருக்கு நினைவில்லை. அவளுக்கு எல்லாமே நினைவிருந்தது.

அவர் மூலையில் கிடந்த சாக்கு மூட்டையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். “படிச்சு முடிச்ச பசங்க விட்டுட்டுப் போன சட்டை. நாப்பது தேறும். காலரைத் திருப்பித் தைச்சு, நல்லா வெளுத்துக் கொடு. புதுசுன்னு பில்லுல நான் போட்டுக்கறேன். என் கோட்டுத் துணியும் அதுலயே அடங்கிடும்.”

தையல்காரியிடம் எதையும் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மேசை நாற்காலியிடம் யாராவது ரகசியம் காப்பார்களா?

அன்று சாயங்காலம் மகள் தையல் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் இப்போது ஏழாம் வகுப்பு. அந்த நாற்பது சட்டைகளில் ஒன்று அவளுக்கு.

“அம்மா, மஞ்சள் பாக்கெட் வச்ச சட்டைன்னா நான் இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டேன்.”

“வெள்ளிக்கிழமை மட்டும் போயிட்டு வா கண்ணு. அப்புறமும் வேணாம்னா நிறுத்திக்கலாம்.”

மகள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மறுநாள் துணிக்கடையில், மஞ்சள் துணி எத்தனை மீட்டர் என்று கேட்டார்கள்.

“கைக்குட்டை அளவு போதும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மணியடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தாள். சட்டை மூட்டையை பியூன் வாங்கிக்கொண்டு வகுப்புகளுக்கு ஓடினார். தலைமை ஆசிரியர் கண்ணாடி முன்னால் நின்று நீலக் கோட்டைப் போட்டுப் பார்த்துத் தன் நெஞ்சைத் தானே தட்டிக்கொடுத்தார்.

“கச்சிதம். பட்டன் கிட்டன் அறுந்தா தைக்கணும், நீயும் இங்கேயே நில்லு.”

வாசலில் கார் வந்து நின்றது. அவர் சிரித்தபடி ஓடினார்.

மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மேடையில் இருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

“மஞ்சள் பாக்கெட் போட்டவங்கதான் நிதி வாங்குற பிள்ளைங்கன்னு எழுதியிருந்தீங்களே சார். ஒருத்தரையும் காணோமே.”

தலைமை ஆசிரியர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். முந்நூறு சட்டைகள், முந்நூறிலும் வெள்ளைப் பாக்கெட். ஏழாம் வகுப்பு வரிசையில் தையல்காரியின் மகள் கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

அவருக்கு முகம் கறுத்தது. “மேடம், இந்தத் தையல்காரி என்னை ஏமாத்திட்டா. நாப்பது பாக்கெட்டுக்குக் கூலி வாங்கிட்டு ஒண்ணுகூட வைக்கலை.”

“ஒண்ணு வச்சிருக்கேன் சார்.”

அவள் நிதானமாக மேடையேறி அவர் எதிரில் வந்து நின்றாள். இருபது வருடமாகக் காத்திருந்தவளுக்கு இன்னும் நாலு அடி வைப்பதில் அவசரம் இல்லை.

“அசையாதீங்க சார். நூல் தொங்குது.”

கோட்டின் மார்பில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். மேலோட்டமாகத் தைத்திருந்த நீலத் துண்டு கழன்று அவர் காலடியில் விழுந்தது. அடியில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பாக்கெட் தெரிந்தது.

ஏழாம் வகுப்பு வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, மைதானம் முழுக்கச் சிரிப்பு பரவியது. தலைமை ஆசிரியர் கையிலிருந்த நோட்டை நெஞ்சோடு அணைத்து அதை மறைத்துக்கொண்டார்.

“இது என்னம்மா கூத்து?” என்றார் அதிகாரி.

“நிதிப் பணத்துல தைச்சதுக்கு மட்டும் மஞ்சள் பாக்கெட் வைக்கச் சொன்னாரு மேடம். அப்படித் தைச்சது இந்தக் கோட்டு ஒண்ணுதான்.”