பத்து மணித் தண்ணி

“கடவுளுட காரியத்துக்குக் கூட கொஞ்சம் தண்ணி விட ஏலாதா, காக்கா?”

பாஸ்டர் தனஞ்சயன் அண்ணன் முறை வைத்துக் கேட்டதற்கு அப்துல் கபூர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மடைக்கதவைப் பூட்டி, திறப்பைச் சாரத்து மடியில் செருகினார்.

“பத்து மணி வரைக்கும் விட ஏலா தம்பி. இது இன்னொருத்தன்ட முறைத் தண்ணி.”

அந்த வாய்க்காலுக்கு அவர்தான் வட்டவிதானை. எந்த வயலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று முறை பார்த்து விடுகிறவர். தண்ணீர் குறைந்த சிறுபோகம் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம்.

வாய்க்காலில் கணுக்கால் நனையத்தான் தண்ணீர் கிடந்தது. கரையில் வெள்ளை உடுப்போடு நாலு பெண்கள். சபை தொடங்கி இரண்டு வருசத்தில் அந்த ஊரில் நடக்கப்போகிற முதல் ஞானஸ்நானம்.

அவர்களில் ஒருத்தி சிவரூபினி. இரவு முழுக்க நித்திரை இல்லை. விடியவே பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முதல் ஆளாக ஓடி வந்து நின்றவள்.

புருசன் கிசோக் கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் சபைக்காரன் இல்லை, கோயில்காரன். ஆறு மாதம் அழுது கேட்டு வாங்கிய சம்மதம் அது.

“இண்டைக்கு ஒரு நாள்தான். ஒளிச்சு வேற ஊர்ல செய்யிற வேலை வேணாம், இந்த வாய்க்கால்ல, ஊருக்கு முன்னால. நடக்காட்டி இனி அந்தக் கதையே எடுக்கப்படா” என்றான் அவளிடம்.

கபூர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு மேல் மடைப் பக்கம் போய்விட்டார்.

“வேணுமெண்டு செய்யிறார். அவங்கட பள்ளிவாசல் காரியமெண்டா விடமாட்டாரா?” என்றாள் நாலு பேரில் ஒருத்தியான யசோதினி.

“பாஸ்டர், நான் போய் வாளி கொண்டு வரட்டா?” என்று இன்னொருத்தி, தர்சினி, கேட்டாள்.

“முழுக்க முழுகோணும் பிள்ள. வாளிக்குள்ள எப்பிடி முழுகிற?”

யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

“ஆண்டவரே, உம்முடைய காரியத்துக்குக் குறுக்கே நிற்கிற அந்த மனுசனை விலக்கும்.”

“விலக்கும்” என்றார்கள் எல்லாரும். சிவரூபினியின் சத்தம்தான் பெரிசாகக் கேட்டது.

கிசோக் போனைப் பார்த்தான். “ஒன்பதே முக்கால். பத்துக்கும் வயலுக்குத்தான் போகும். வெயிலும் ஏறுது. வா, போவம்.”

“இன்னும் கொஞ்சம் நில்லுங்களன்.”

“எவ்வளவு நேரம்?”

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கால் மணித்தியாலம் கழிந்திருக்கும். திடீரென்று சளசளவென்று ஒரு சத்தம். நுரையும் வைக்கோலும் சுழல, தண்ணீர் பாய்ந்து வந்தது. முழங்கால், தொடை, இடுப்பு. பார்த்துக்கொண்டு நிற்கவே வாய்க்கால் நிறைந்துவிட்டது.

“அல்லேலூயா” என்று கரையே அதிர்ந்தது. பாஸ்டர் கால் சப்பாத்தையும் கழற்றாமல் இறங்கிவிட்டார்.

“செங்கடலப் பிளந்தவர் எங்கட வாய்க்கால நிரப்பித் தந்திட்டார். ஜெபத்துக்கு முன்னால எந்த வட்டவிதானை நிக்கிற?”

இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

சிவரூபினிதான் முதலில் முழுகினாள். எழும்பியபோது முகத்தில் ஓடுவது தண்ணீரா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. கரையேறக் கிசோக் கை நீட்டினான். அவன் கை நீட்டுவான் என்று அவள் நினைத்தும் பார்க்கவில்லை.

“பாத்தீங்களா? ஜெபம் பண்ணினதும் தண்ணி வந்திட்டு.”

“பத்து மணிக்கு முறை மாறிட்டு” என்றான் கிசோக்.

“இப்ப ஆருட முறை?”

“கபூர் காக்காட வயலுக்கு. எட்டு நாளைக்கு ஒருக்கா வாற தண்ணி, அதுவும் ஒரு மணித்தியாலம்தான். அவர்ர வேளாண்மை கதிர் தள்ளுற நேரம். அங்க பாரு, தன்ட வயல் மடைய அடைச்சுப்போட்டுத்தான் இங்கால திறந்து விட்டிருக்கார்.”

சிவரூபினி ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். உயர்த்திய கையை மெல்ல இறக்கினார்.

மேல் மடையில் குந்தியிருந்த கபூர், இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்தப் புள்ளைகள அவசரப்படுத்தாதீங்க, ஆறுதலா முழுகட்டும். என்ட வயல் அடுத்த முறைக்குக் குடிக்கும்.”